வேலையை விடாதீங்க பாஸ்!

கேம்பஸ்ல வேலை கிடைச்சாச்சு. ஆனா, ஐ.ஐ.எம். ஆசை மட்டும் விடமாட்டேங்குது. 'ஆறு மாசம் வேலையை விட்டுட்டு உட்கார்ந்து படிச்சா என்ன?'னு தோணும். அவசரப்படாதீங்க! உங்க சம்பளத்தை நம்பி வீட்ல லோன் ஓடுதுன்னா இன்னும் யோசிங்க. இன்டர்வியூவுக்கு ஆள் எடுக்கும்போது வேலை அனுபவத்துக்கும் மார்க் போடுற ஐ.ஐ.எம்.கள் உண்டு.

'கேட்' தேர்வு 2020-லேர்ந்து 2 மணி நேரம்தான். இங்கிலீஷ், டேட்டா-லாஜிக், கணக்குனு 3 பகுதி. ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம். ஒண்ணுல மிச்சமான நேரத்தை அடுத்ததுக்குக் கொண்டுபோக முடியாது. வேலைக்குப் போறவங்களுக்கு இதுவே வசதி! ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி 40 நிமிஷம் கிடைச்சா, ஒரு முழுப் பகுதியை நிஜத் தேர்வு மாதிரியே எழுதிப் பார்த்துடலாம். டேட்டா-லாஜிக்கை மட்டும் ஷிஃப்ட் முடிஞ்சு சூடான மண்டையோட ராத்திரி 10 மணிக்குத் தொடாதீங்க. அந்த நேரத்துக்கு ஏதாவது இங்கிலீஷ் கட்டுரை படிச்சா போதும்.

ஞாயித்துக்கிழமை முழு மாதிரித் தேர்வு. எழுதி முடிச்சு, ஸ்கோரை மட்டும் பார்த்துட்டுத் தூங்கப் போறதுதான் நம்ம மக்கள் பண்ற கூத்து. சாய்ஸ் கேள்வியில சரியான விடைக்கு 3 மார்க், தப்புன்னா 1 மார்க் காலி. அதனால, எந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டிருக்கணும்னு கண்டுபிடிக்கிறதுதான் பாதிப் படிப்பு. அதை திங்கள், செவ்வாய்னு பஸ்ல போகும்போதே செய்யலாம்.

தேர்வு வழக்கமா நவம்பர் கடைசி ஞாயிறு. முந்தின வாரத்துக்கு இப்பவே லீவு சேர்த்து வைங்க. தீபாவளிக்கு ஊருக்கு வரமாட்டீங்கன்னா, அம்மாகிட்டயும் இப்பவே சொல்லிடுங்க!