மழையை அளக்கும் பள்ளிகள்

2024 ஜூலை 30-ம் தேதி அதிகாலை வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. வெள்ளார்மலை அரசுப் பள்ளியும் தப்பவில்லை. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் மழை.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது. ஆனால் 2022-ல் சுமை குறைப்பு என்ற பெயரில் மத்தியப் பாடநூல்களிலிருந்து பருவநிலை பற்றிய பகுதிகள் சில நீக்கப்பட்டன.

கேரள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்கள் அமைத்து, மாணவர்களே மழையை அளந்து குறிக்க வழிசெய்தது. நல்ல தொடக்கம். ஆனால் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பலர் மேல்நிலை வகுப்பை எட்டுவதில்லை. மழைமானி அவர்கள் குடியிருப்புக்கே செல்லவேண்டும். காடறிந்த முதியோரும் ஆசிரியருடன் அமரவேண்டும். எவ்வளவு மழைக்குப்பின் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்பதை மலைச்சரிவில் வாழ்வோர் அறிவதே இப்பாடத்தின் பயன்.