பால்காரருக்கு என்ன சொல்வது?

ஆரக்கிள் புதுப் பதிப்பு வந்தால் பசங்க புதிய வசதிகளை ஆவலாகப் படிப்பார்கள். நான் முதலில் போவது 'ஆதரவு நிறுத்தப்பட்டவை' பக்கத்துக்கு. சூடு கண்ட பூனை!

9ஐ-யிலிருந்து 10ஜி-க்கு மாறியபோது, தகவலை எந்த வழியில் தேடுவது என்று முடிவுசெய்யும் பழைய ரூல் ஆப்டிமைசருக்கு ஆதரவு நின்றது. எங்கள் டேபிள்களுக்குப் புள்ளிவிவரமே எடுத்ததில்லை. அதுவரை எல்லாம் அதன் தயவில்தான் ஓடியிருக்கிறது! குறிப்பில் எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. பத்து நிமிடச் சம்பளக் கணக்கு விடிந்தும் முடியவில்லை. சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. "பால்காரருக்கு என்ன சொல்றது சார்?" என்று கேன்டீனில் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

23ஏஐ-யில் 'ஃப்ரம் டூயல்' எழுதாமலே செலக்ட் ஓடும். டூயலையும் எடுத்துவிடவில்லை, பழைய புரோகிராம் அப்படியே ஓடும். எனக்குப் பிடித்தது அதுதான்.