குற்றால அருவியும் முகத்துத் தினையும்

சாரற் காலத்திற் குற்றாலம் புகுவார் பலர், தோல்நோய் யாவும் அருவியில் அகலும் என்பர். சேயின் மூக்கிலும் கன்னத்திலும் தோன்றும் வெண்பருக்கள் அந்நீர் தெளிக்க மறைந்தன என்பாரும் தென்காசியில் உளர். மருத்துவர் இவற்றை மிலியா என்பர். தினையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர். குறிஞ்சித்திணை பயிலும் எமக்கு இஃது இனிக்குமன்றோ! கெரட்டின் என்னும் புரதம் தோலின்கீழ் அடைபட்டுத் திரள்வதே இது, சீழுமன்று, தொற்றுமன்று. பிறந்த குழவிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு உண்டாகிச் சில வாரங்களில் தானே மறையும். ஆதலின் அருவிக்குப் புகழ் சூட்டுதல், காகம் அமரப் பனம்பழம் விழுந்த கதையே. அதுவேனும் தீங்கற்றது. பிதுக்குதலே தீங்கு, வாயில் இன்மையின் உள்ளிருப்பது வெளிவாராது, புண்ணும் வடுவுமே எஞ்சும். முதிர்ந்தோர்க்கு நெடுநாள் நின்று உறுத்துமாயின், தோல் மருத்துவர் தூய ஊசியால் எளிதில் அகற்றுவர். குழவிக்கோ அதுவும் வேண்டா.