பயமும் பரம்பரையும்

சம்பந்தம் விசாரித்து ஊரிலிருந்து வரும் கடிதமாயினும் தொலைபேசியாயினும், ஜாதகம், படிப்பு, வருமானம் ஆகியவற்றைக் கேட்டு முடித்த பின்னர் இன்னுமொரு கேள்வி தயங்கித் தயங்கி வெளிவருவதுண்டு. "அவர்கள் வீட்டில் எவருக்கேனும் நரம்புத் தளர்ச்சி உண்டா?" என்பதே அது. லேக் கார்டன்ஸ் பகுதியில் நம்மவர் தொகை சிறியது. ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்குத் தெரியும். ஆதலின் இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு நம்மில் எவருக்கும் நேரலாம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், மணப்பெண்ணின் அத்தை எதற்கும் அஞ்சும் இயல்பினர். வீட்டைப் பூட்டிய பின்னும் திரும்பிப் பார்ப்பார்; பட்ஜ்பட்ஜ் வண்டி பத்து நிமிடம் தாமதித்தாலும் அதில் வர வேண்டிய பிள்ளையை நினைந்து கண்ணீர் வடிப்பார். இதனைக் கேள்வியுற்ற மாப்பிள்ளை வீட்டார், "இது ரத்தத்தில் வருவது" என்று சொல்லி விலகிக்கொண்டனர். அன்று முதல் விருந்தினர் வரும்போது அந்த அம்மையாரை உள்ளறையில் இருத்திவிடுகின்றனர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் அஞ்சுகின்றனர். எவர் கண்ணிலேனும் பட்டால் அடுத்த வரனும் கைநழுவுமாம்! ரத்தத்தில் வருவது என்னும் அவ்வொரு சொல்லில் உண்மை எவ்வளவு என்பதை இம்மாதம் ஆராய்வோமாக.

எளிதில் கவலையுறுதல், சிறு சொல்லுக்கும் மனம் நோதல், நேராத தீங்கை நேர்ந்ததாகவே எண்ணி நடுங்குதல் ஆகிய இயல்புகளின் தொகுதியை மனோதத்துவ அறிஞர் 'நியூரோட்டிசிசம்' என்பர். நாம் இதனைச் சஞ்சல சுபாவம் என்று வழங்குவோம். உயரத்தைப் போலவே இதுவும் எல்லோரிடமும் கூடியோ குறைந்தோ இருப்பது. இது நோயன்று. எனினும் இது மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் வாய்ப்புச் சற்று அதிகம்.

இத்துறையில் நாம் வாழும் இந்நகருக்குத் தனிப் பெருமை உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ஆம் ஆண்டிலேயே மனோதத்துவத்துக்கெனத் தனித் துறை தொடங்கப்பெற்றது. டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை இங்கே நிறுவினார். 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தோன்றியதும் அன்னாரின் முயற்சியாலேயே. வியன்னா நகரத்து ஃப்ராய்டுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த அவர், ஒன்றுக்கொன்று முரணான ஆசைகளின் மோதலே மனக்கலக்கத்திற்குக் காரணம் எனக் கருதினார். அவர் நோக்கியது மனத்தின் உட்புறத்தை. லண்டனில் ஐசென்க் என்பார் நோக்கியது பரம்பரையை.

ஐசென்க்கும் அவர்தம் துணைவர் ப்ரெல்லும் 1951-இல் இரட்டையர்களைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். உருவொத்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முற்றும் ஒன்றே. மற்ற இரட்டையருக்கு உடன்பிறந்தார் போலச் சராசரியாகப் பாதியே பொது. முன்னவர் பின்னவரைவிடக் குணத்தில் அதிகம் ஒத்திருப்பின், அவ்வேறுபாடு பரம்பரையின் பங்கைக் காட்டும். இச்சுபாவத்தில் சுமார் 80 விழுக்காடு பரம்பரையே என அவர்கள் கணித்தனர். ஆனால் அவர்கள் பார்த்தது சில பத்து ஜோடிகளை மட்டுமே. பின்னர் பல்லாயிரம் இரட்டையரிடம் நடந்த ஆராய்ச்சிகளில் அவ்வளவு சுமார் 40 விழுக்காடாகக் குறைந்தது.

இந்த 40 என்பதன் பொருளை நன்கு உணர வேண்டும். அத்தையின் பயத்தில் நாற்பது பங்கு ரத்தத்திலிருந்து வந்தது என்பது இதன் பொருளன்று. ஒரு சமூகத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேற்றுமையில் அவ்வளவு பங்குக்கு மரபணு வேற்றுமை காரணமாகிறது என்பதே பொருள். தனி ஒருவரின் வருங்காலத்தை இவ்வெண் சொல்லாது.

அம்மரபணுதான் எது? 1996-இல், மூளையில் செரட்டோனின் என்னும் பொருளைக் கையாளும் ஒரு மரபணுவே இதற்குக் காரணமாகலாம் என்னும் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. 2018-இல் சுமார் 4,50,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வில், இச்சுபாவத்தோடு தொடர்புடைய 136 இடங்கள் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ரயில்வே பேரேடுகளோடு நாள் கழிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்: பெருந்தொகை ஒன்றும் பதிவாகவில்லை, காலணா அரையணாவாக நூற்றுக்கணக்கான பதிவுகள், வரவிலும் செலவிலும். நம் ஒவ்வொருவர் கணக்கிலும் அவற்றுட் சில உண்டு. மேலும் அவ்வாய்வுக்கு உட்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சத்தினர். அதனைக் கொண்டு தமிழ்க் குடும்பம் ஒன்றை அளக்க முற்படுவது பொருந்தாது.

அத்தைக்கும் அண்ணன் மகளுக்கும் பொதுவான மரபணுக் கூறுகள் சராசரியாக நான்கில் ஒரு பங்கே. அப்பங்கில் அச்சிறு பதிவுகளுள் எவை வந்தன, எவை வரவில்லை என்பதை மாப்பிள்ளை வீட்டார் எங்ஙனம் அறிந்தனர்? 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் மணமக்களின் மனநிலையைத்தான் கருதுகிறதேயன்றி, அத்தையின் மனநிலையைக் கேட்கவில்லை.

"ரத்தம் இல்லையெனில் வளர்ப்பின் குற்றம்" என்று தாயின்மேல் பழி சுமத்துவோரும் உளர். ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தமையால் மட்டும் இச்சுபாவத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருப்பதில்லை என்பதையும் இரட்டையர் ஆராய்ச்சிகளே காட்டியுள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரும் அனுபவங்களே பெரும்பங்கு வகிக்கின்றன. எனவே தாயும் பழிக்குரியவள் அல்லள்.

பரம்பரையில் வருவது மாறாது என்பதும் தவறு. வயது ஏற ஏற இச்சுபாவம் பொதுவாகத் தணிகிறது. 207 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த கட்டுரையொன்று, சிகிச்சை பெற்றவர்களின் மன உறுதி, சராசரியாக 24 வார காலச் சிகிச்சையில், குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததைக் காட்டியது. கண்ணாடி அணிந்து கிட்டப்பார்வையைச் சமாளிக்கிறோம். அது தாய்வழியா தந்தைவழியா என்று விசாரித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதில்லை.

பயமோ கவலையோ உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமாயின் மருத்துவரை நாடுவதே முறை. வங்காளியில் மனத்தைத் திறந்து பேச இயலாத நம் தாய்மார்களுக்கு ஒரு வசதியும் உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முதல் நாள் கைநடுங்கும் குழந்தையை நோக்கி, "அப்படியே அத்தையை உரித்து வைத்திருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். மரபணு செய்யாத வேலையை அச்சொல் செய்துவிடும். அருகில் அமர்ந்து, எதற்கு அஞ்சுகிறாய் என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.