மரக்கறிச் சீட்டு ஒண்டு போடுவமா?

மே தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் எங்கட கல்குடாப் பக்கம் இரண்டு அறுவடை நடக்கும். ஒன்று கடற்கரையில். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு அதுதான் சீசன், கடல் குளம்போலக் கிடக்கும். மற்றது மணல் தோட்டங்களில். கச்சான் காற்று சுழட்டி அடிக்க, கிணற்றுத் தண்ணி இறைத்து வளர்த்த கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும் புடோலும் அப்பதான் ஆயுற பருவத்துக்கு வரும். இந்த இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனாலும் மாமாவின் தோட்டத்து வெண்டிக்காய் ஒன்றுகூட அந்த ஹோட்டல் மேசைக்குப் போய் நான் காணவில்லை.

போன லீவு முழுக்க அந்தத் தோட்டத்தில் நின்றேன். வெயில் ஏற முதல் ஆய்ந்து முடிக்க வேண்டும். வெண்டி ஒரு நாள் பிந்தினாலே முத்திப்போகும். நுனியை முறித்துப் பார்த்தால் தெரியும், டக்கென்று முறியாவிட்டால் அது மாட்டுக்குத்தான். கெக்கரிக்காய் இரவோடு இரவாகப் பருத்துவிடும். மணல் மண் தண்ணியைப் பிடித்து வைக்காது என்பதால் பின்னேரமும் ஊற்ற வேண்டும். கண்டபடி மோட்டர் போட்டு இறைக்கவும் ஏலாது, கடலோரக் கிணறு உவர்த்துப்போகும். இவ்வளவும் பார்த்து ஆய்ந்த மரக்கறிக்கு விலை சொல்வது மாமா இல்லை. போனில் ஒருவர் சொல்லுவார். மாமா "ஓம்" என்பார்.

ஏன் மாமா, வேற ஆளுக்குக் குடுக்கலாமே என்று கேட்டேன். "புள்ள, விதைக்கும் எண்ணெய்க்கும் அவரிட்டத்தானே காசு வாங்கினது. மறுகா வேற ஆளுக்கு எப்படிக் குடுக்கிற?"

இதுதான் கதையின் முடிச்சு என்று நினைக்கிறேன். எங்கட தோட்டக்காரருக்குச் சந்தை இல்லை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். சந்தை இருக்கிறது. தொடக்கத்தில் கையில் காசு இல்லை, அந்தக் காசைத் தருகிறவர்தான் கடைசியில் விலையையும் தீர்மானிக்கிறார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலாகப் போனபோது, அந்த முற்பணமும் எவ்வளவு கூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த முற்பணத்தை மரக்கறி தின்கிற நாங்களே கொடுத்தால் என்ன? இது புதுக் கதை இல்லை. ஜப்பானில் 1970களில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் நேரே கமக்காரரோடு பேசி ஒழுங்கு செய்தார்கள். அதற்கு 'தெய்க்கேய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் தொடங்கின. பிரான்சில் 2001இல். முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பருவம் தொடங்க முதல் குடும்பங்கள் பங்குக்காசு கட்டும், பிறகு கிழமைக்கொருதரம் அன்று ஆய்ந்ததில் தங்கட பங்கைக் கூடையில் எடுக்கும். விளைந்தால் கூடை நிறையும். விளையாவிட்டால் எல்லாருக்கும் குறையும்.

வெளிநாட்டு விளையாட்டு என்று சிரிக்க வேண்டாம். எங்கட அம்மாமார் எத்தனை வருசமாகச் சீட்டுப் பிடிக்கிறார்கள்! ஒரு கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை, மாதம் தவறாமல் காசு வந்து சேரும். அதே சீட்டில் முதல் தொகையைத் தோட்டக்காரர் எடுக்கிறார், மற்ற ஆட்கள் தங்கட பங்கைக் கிழமைக்குக் கிழமை மரக்கறியாக எடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கலும் இருக்கு. கடலுக்குப் போகிற, கூலிக்குப் போகிற வீட்டில் மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டு என்றால் அது பகிடி. அதனால் மாதச் சம்பளக்காரர் முன்கூட்டிக் கட்டட்டும், மற்றவர்கள் கிழமைக்குக் கிழமை கட்டட்டும், அதுவும் ஏலாதவர்கள் ஒரு காலை ஆய வந்தால் அதைப் பங்காகக் கணக்கு வைக்கலாம். சம்பளக்காரருக்கு மட்டும் என்று ஆக்கினால் கொழும்பு ஓகானிக் கடை மாதிரி ஆகிவிடும், அது எனக்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் எங்கட நாக்கு. அம்மாவிடம் சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, "கரட், லீக்ஸ் வருமா?" வராது. இந்த மணலில் கோடையில் அது வராது. மூன்று கிழமை தொடர்ந்து வெண்டி வரும், நாலாம் கிழமை பூசணி வரும். மலைநாட்டில் விளைந்து தம்புள்ள போய் லொறியில் இங்கு வாற கரட்டுக்கு நாங்கள் பழகிவிட்டோம். 2020 மார்ச் ஊரடங்கிலும் 2022 எரிபொருள் வரிசையிலும் லொறி தடுமாறினபோதுதான் பின்வளவு முருங்கை கண்ணுக்குத் தெரிந்தது. அந்த 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள், நினைவிருக்கா? ஒப்பீஸ் கதிரையில் இருந்தவரை ஒரு வெள்ளியில் கமக்காரர் ஆக்கலாம் என்று நினைத்த அறிவை என்ன சொல்ல. ஏற்கெனவே தோட்டம் செய்கிறவருக்கு அந்தச் சம்பளக்காரர் ஒரு பங்கு கட்டியிருந்தால் அவருக்கும் லாபம், தோட்டக்காரருக்கும் லாபம்.

அதற்கு முந்தின வருசம் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினதும் இதே மாதிரித்தான். மே மாதம் தடை, நவம்பரில் வாபஸ், இடையில் அடிபட்டது தோட்டக்காரர் மட்டும். எருவுக்கு மாறுகிறதென்றால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் குறையும். அந்தக் குறைவைத் தாங்க யாராவது கூட நிற்க வேண்டும். மாமா மட்டும் ஏன் தனியே தாங்க வேண்டும்?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை பன்னிரண்டு கிழமை, பத்து வீடு, சனிக்கிழமை காலை கூடை. மாரியில் வேண்டாம், வெள்ளம் வந்தால் முதல் வருசமே எல்லாரும் மனம் விட்டுவிடுவார்கள்.

இதுவரை ஏழு வீடு ஓம் என்றிருக்கிறது, அதில் இரண்டு கரட் இல்லை என்று தெரியாமல். மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பூவாளியைக் கவிழ்த்து வைத்தார். "பத்தாம் கிழமை கிணறு வத்தினா, அந்த வாத்தியார் காசத் திருப்பிக் கேக்கமாட்டாரா?" என்றார். நான் வாத்தியாரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்தச் சனி போகிறேன்.