பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டம்பெல்ஸ்?



எங்கள் கபடி அணிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து சிமெண்டில் ஒரு டம்பெல்ஸ் செய்திருக்கிறோம். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொன்னால் மணி அடித்துவிடும். அதனால் இங்கே எழுதிவிட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண டம்பெல்ஸ் மாதிரிதான், ஆனால் கைப்பிடி மட்டும் ரொம்பக் கனம். பளு தூக்கும் போட்டியில் பெண்கள் தூக்குகிற கம்பி 25 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஆண்களுக்கு 28. எங்களுடையது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மடங்கு. பிடித்துப் பார்த்தால் விரல் நுனி கட்டை விரலைத் தொடாது. அதுதான் விஷயமே. மெல்லிசான கம்பி என்றால் கட்டை விரல் மற்ற விரல்கள்மேல் பூட்டு மாதிரி விழுந்துவிடும். கனமான பிடியில் அந்தப் பூட்டு விழாது. அஞ்சு விரலும் தனித்தனியாக நெருக்கினால்தான் நிற்கும். கொஞ்சம் அசந்தால் கையை விரித்துக்கொண்டு கீழே போய்விடும்.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். இடது கையால் வலது முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மூடித் திறங்கள். உள்ளே சதை அசைவது தெரியும். விரலை மடக்குகிற பெரிய தசைகள் எல்லாம் விரலில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண் வந்து விரலை இழுக்கிறது. அதனால்தான் இந்த டம்பெல்ஸைத் தூக்கினால் முன்கை முழுக்க வலிக்கிறது.

இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்று ஒரு பலசாலி இருந்தாராம். அவர் வைத்திருந்த டம்பெல்ஸ் 78 கிலோ, கைப்பிடி 6 சென்டிமீட்டர் கனம். அதைவிட அதிக எடை தூக்குகிறவர்களால்கூட அதை ஒத்தக் கையால் தூக்க முடியாமல் போயிருக்கிறது. எடை ஜெயிக்கவில்லை, பிடிதான் ஜெயித்தது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கிறதே, அதிலும் பிடிக்க ஒரு இடம் கிடையாது. உருண்டைக் கல். பிடி இல்லாததைப் பிடிக்கிறவனுக்குத்தான் மாப்பிள்ளை மரியாதை என்று சொல்வார்கள்.

சரி, இது எங்களுக்கு எதுக்கு? கபடி ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பாடி வருகிற பிள்ளையின் கணுக்காலைப் பிடிப்பது பாதி வேலைதான். அவள் கோட்டைத் தொட்டுவிடாதபடி விடாமல் பிடித்திருப்பதுதான் மீதி. கணுக்கால் என்ன 25 மில்லிமீட்டரா? அது கனமானது, வேர்வையில் வழுக்கும், உதறவும் செய்யும். அப்படிப்பட்டதைப் பிடிக்கக் கனமான பிடியில்தானே பழக வேண்டும்?

நாங்கள் செய்த விதம் இதுதான். ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப் ஒன்றேகால் அடி. பிளம்பர் அண்ணன் வெட்டிப் போட்ட மிச்சத் துண்டு. அவரே இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அந்த ஓட்டைகளில் குறுக்கே நீள ஆணி சொருகினோம். இல்லாவிட்டால் பைப் சிமெண்டில் இருந்து உருவிக்கொண்டு வரும். ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பா காலியானது இரண்டு. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு பொடி ஜல்லி, வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கியது. ஒரு டப்பாவின் நடுவில் பைப்பை நிறுத்திக் கலவையைப் போட்டுக் குத்தி இறக்கினோம். பைப்புக்கு உள்ளே ஒரு துண்டுக் கம்பி வைத்து அதையும் நிரப்பினோம். இரண்டு நாள் கழித்து, அடுத்த டப்பாவில் கலவை போட்டு அதைத் தலைகீழாக இறக்கி, சாயாமல் நாலு பக்கமும் செங்கல் அண்டக் கொடுத்தோம். பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் தெளித்தோம். மளிகைக் கடைத் தராசில் வைத்ததில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஒரு எச்சரிக்கை: சிமெண்டைக் கையால் தொடாதீர்கள், தோலை அரித்துவிடும். கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ளுங்கள். டப்பா விளிம்பையும் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பயிற்சி ரொம்ப சுலபம். தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது கொடிக்கம்பம் வரைக்கும் போய்வர வேண்டும். விரல் தளர ஆரம்பித்ததும் மெதுவாகக் கீழே வைத்துவிட வேண்டும், போடக் கூடாது. கால் விரல் நம்முடையது! ஒரு கைக்கு மூன்று தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள் போதும். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும். இது சுலபமாகிவிட்டால் 2 லிட்டர் டப்பாவில் செய்தால் 10 கிலோ வரும். ஆறாம் வகுப்புத் தங்கச்சிகளுக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப்பே போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். "கை ஆம்பளக் கை மாதிரி ஆயிடும்" என்கிறார்கள். களை எடுத்து, செங்கல் சுமந்து, நெல் மூட்டைக்குக் கை கொடுத்த அம்மாக்களின் கையைப் பாருங்கள். அது காய்த்துப் போயிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்து ஆம்பளக் கை என்று யாரும் சொன்னதில்லை. வேலைக்காக வந்த பலம் என்றால் யாருக்கும் கண் உறுத்தவில்லை. அதே பலம் விளையாட்டுக்காக, அவளுக்காக என்று வந்தால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

"தெருக் குழாயில குடம் தூக்குறதே எக்ஸர்சைஸ்தானே" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். ஆனால் குடத்தை இடுப்பில் வைக்கிறோம், அதுவும் எப்போதும் ஒரே பக்கம். இன்றைக்கும் அதே குடம், அடுத்த வருஷமும் அதே குடம். உடம்பு ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதற்குமேல் பலம் கூடாது. பயிற்சி என்றால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், நடுவில் ஓய்வும் வேண்டும். குடம் தூக்குகிறவளுக்கு யார் ஓய்வு கொடுக்கிறார்கள்? அது வேலை. இது பயிற்சி. இரண்டையும் ஒன்று என்று சொல்லி எங்களை ஏமாற்றாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் 60 நிமிடம் உடலுழைப்போடு இருக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. பிள்ளைகள் என்றுதான் சொல்கிறது, பையன்கள் என்று சொல்லவில்லை. நம் நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் கர்ணம் மல்லேஸ்வரி. 2000-ல் சிட்னியில் வாங்கியது பளு தூக்கித்தான். 2021-ல் டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். ஆசிய விளையாட்டில் 2010-ல் பெண்கள் கபடி வந்தபோது முதல் தங்கமே நம் பெண்களுக்குத்தான். இவர்களிடம் போய் எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை. பதக்கம் வந்தபிறகு கேட்காத கேள்வியை, பயிற்சி செய்யும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் டம்பெல்ஸ் இப்போது ஒரு தோழி வீட்டு மாட்டுக்கொட்டகையில் மூலையில் இருக்கிறது. அதை நம் பள்ளி விளையாட்டு அறையில் வைக்க அனுமதி வேண்டும். பி.டி. பீரியடில் பையன்கள் மைதானத்தில் இருக்கும்போது நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறோம். அதில் வாரம் மூன்று பீரியடில் 20 நிமிடம் எங்களுக்குக் கொடுங்கள். தம்பிகளும் அண்ணன்களும் வரலாம், வரிசையில் நின்றால் கொடுப்போம். செலவு ஒன்றும் இல்லை. இரண்டாவது டம்பெல்ஸுக்கு டப்பாவும் நாங்களே தேடிவிட்டோம்.

தன் கையே தனக்கு உதவி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கையைப் பலப்படுத்திக்கொள்ள எங்களுக்கு ஒரு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். தோழிகளே, சேர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் அடியில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி