மன்றம் கூடாத மாநகராட்சி: மண்டி மொஹல்லாவின் குறைகளை யார் கேட்பது?

மைசூரு: கர்நாடக மாநிலம் மைசூரு மாநகராட்சியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூடி இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் வெற்றி பெற்ற 65 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நிறைவடைந்தது. அன்று முதல் மாநில அரசு நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் மாநகராட்சி இயங்கி வருகிறது. மைசூரு பிராந்திய ஆணையரே இந்தப் பொறுப்பைக் கூடுதலாக வகித்து வருகிறார்.

குப்பை அள்ளப்படுகிறது, குடிநீர் வருகிறது, தெருவிளக்குகள் எரிகின்றன. அப்படியிருக்க, மன்றக் கூட்டமும் குழுக் கூட்டங்களும் நடைபெறாததால் நகருக்கு என்ன இழப்பு என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடையை மண்டி மொஹல்லா போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளின் நிலையிலிருந்து பார்ப்பதே பொருத்தமாக இருக்கும்.

நெருக்கமான பகுதி, பலவகைக் குறைகள்

'மண்டி' என்பது மொத்த வணிகச் சந்தையையும், 'மொஹல்லா' என்பது குடியிருப்புப் பகுதியையும் குறிக்கும். பெயருக்கு ஏற்ப, வணிகமும் வாழ்விடமும் ஒன்றோடொன்று கலந்த பகுதி இது. அசோகா சாலை, சாடே சாலை ஆகியவற்றை ஒட்டிய இங்கு, கடைகளும் கிடங்குகளும் வீடுகளும் ஒரே தெருவில் அமைந்துள்ளன. மாநகராட்சித் தலைமையகம் அமைந்துள்ள சயாஜி ராவ் சாலையும் தொலைவில் இல்லை.

இத்தகைய பகுதியில் எழும் குறைகள் ஒரே துறைக்குள் அடங்குவதில்லை. இறைச்சிக் கடைகளின் கழிவு, சுகாதாரப் பிரிவைச் சார்ந்தது. தொழில் உரிமக் கட்டணமும் சொத்து வரியும் வருவாய்ப் பிரிவுக்குரியவை. பழைய பாதாளச் சாக்கடைக் குழாய்கள் பொறியியல் பிரிவின் பொறுப்பில் உள்ளன. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டுவதற்கான அனுமதி, நகரமைப்புப் பிரிவிடம் உள்ளது. ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு குறைகள் நான்கு அலுவலர்களின் மேசைக்குச் செல்கின்றன. அவற்றை ஒன்றாக இணைத்துப் பேசும் இடம் மன்றமும் அதன் குழுக்களுமே ஆகும்.

நான்கு நிலைக்குழுக்கள்

1888ஆம் ஆண்டு நகராட்சியாக அமைக்கப்பட்ட மைசூரு, 1977ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. கர்நாடக மாநகராட்சிகள் சட்டம், 1976இன்படி அது நிர்வகிக்கப்படுகிறது. இந்தச் சட்டத்தின்படி மன்றம் மாதம் ஒரு முறையேனும் கூட வேண்டும். மன்றத்தின் கீழ் நான்கு நிலைக்குழுக்கள் செயல்பட வேண்டும்.

வரி விதிப்பு, நிதி மற்றும் மேல்முறையீட்டுக் குழு. பொதுச் சுகாதாரம், கல்வி மற்றும் சமூக நீதிக் குழு. நகரமைப்பு மற்றும் மேம்பாட்டுக் குழு. கணக்குக் குழு ஆகியவையே அவை. ஒவ்வொரு குழுவிலும் ஏழு உறுப்பினர்கள் இடம்பெறுவர். குழுவின் பதவிக்காலம் ஓராண்டு. உறுப்பினர்களை மன்றமும், தலைவரைக் குழுவின் உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கின்றனர்.

மாதம் ஒரு முறை கூடும் 65 பேர் கொண்ட மன்றத்தில் ஒவ்வொரு திட்ட மதிப்பீட்டையும் வரிவரியாக ஆராய இயலாது. அந்தப் பணியைக் குழுக்களே செய்கின்றன. ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பொறியாளரையும் சுகாதார அலுவலரையும் அழைத்து, கோப்பைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது. மன்றக் கூட்டத்தில் கட்சிகளுக்கிடையே கூச்சல் எழுவதுண்டு. குழு அறையில் அதற்கான தேவை குறைவு. எனவே, ஒரு மாநகராட்சியின் உண்மையான வேலை நடைபெறும் இடம் குழுதான் என்று கூறுவது மிகையல்ல.

ஒரு சாக்கடையின் பயணம்

எடுத்துக்காட்டாக, மண்டி மொஹல்லாவின் ஒரு தெருவில் பாதாளச் சாக்கடை அடிக்கடி நிரம்பி வழிவதாகக் கொள்வோம். மன்றம் இயங்கும் காலத்தில், அத்தெருவினர் முதலில் வார்டு உறுப்பினரிடம் முறையிடுவர். அவர் மண்டல அலுவலகத்தின் பொறியாளரிடம் பேசுவார். அடைப்பை நீக்கும் பணி அந்த அளவிலேயே முடிந்துவிடக்கூடும்.

குழாயையே மாற்ற வேண்டும் என்றால் நிதி ஒதுக்கீடு தேவைப்படும். அப்போது பொருள் மேம்பாட்டுக் குழுவின் முன் வைக்கப்படும். குழு பரிந்துரைத்தால் அது மன்றத்தின் பொருள் நிரலில் இடம்பெறும். மன்றம் விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றும். ஆணையர் அதைச் செயல்படுத்துவார். செலவில் தணிக்கை ஆட்சேபம் எழுந்தால், கணக்குக் குழு அதை ஆராயும்.

இந்தப் பயணம் நீண்டது. சில வேளைகளில் பொறுமையைச் சோதிப்பது. ஆயினும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதிவு உருவாகிறது. யார் கேட்டார், எந்த அலுவலர் என்ன பதிலளித்தார், எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது என்பவை நடவடிக்கைக் குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன. அடுத்த மாதக் கூட்டத்தில் அதே உறுப்பினர் எழுந்து, "சென்ற மாதம் அளித்த வாக்குறுதி என்னவாயிற்று?" என்று கேட்க முடிகிறது. கூட்டங்களுக்கு நிலையான கால அட்டவணை தேவைப்படுவதன் காரணம் இதுவே.

நிர்வாகியின் ஆட்சியில் மன்றத்தின் அதிகாரமும் நிலைக்குழுக்களின் அதிகாரமும் ஒருவரிடமே சேர்கின்றன. கோப்பு விரைவாக நகரக்கூடும். ஆனால், பரிந்துரைப்பவர், ஒப்புதல் அளிப்பவர், கணக்குக் கேட்பவர் என்ற மூன்று பொறுப்புகளுக்கும் இடையிலான பிரிவு மறைந்துவிடுகிறது. குடியிருப்போர் மனு அளிக்கலாம். மண்டல அலுவலகத்துக்குச் செல்லலாம். எனினும், அந்த மனுவுக்கு அடுத்த மாதம் பதில் கேட்கும் உரிமை பெற்ற பிரதிநிதி எவரும் இல்லை.

தூய்மைத் தரவரிசை கூறுவது என்ன?

மன்றம் இல்லாமலேயே நகரம் நன்றாக இயங்குகிறது என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கும் சான்று ஒன்று உள்ளது. மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு முடிவுகள் 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிடப்பட்டன. அவற்றில், தொடர்ந்து சிறந்து விளங்கும் நகரங்களுக்கென உருவாக்கப்பட்ட சிறப்புப் பிரிவில் மைசூரு இடம்பெற்றது. அப்போது மைசூருவில் மன்றம் இல்லை.

அதே நேரத்தில், 2015, 2016 ஆகிய ஆண்டுகளின் தரவரிசைகளில் மைசூரு நாட்டிலேயே முதலிடம் பிடித்தபோது, அங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் செயல்பட்டு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, தூய்மைத் தரவரிசையைக் கொண்டு மன்றம் தேவை என்றோ தேவையில்லை என்றோ முடிவு செய்ய இயலாது. அத்தகைய கணக்கெடுப்புகள் நகரின் சேவைகளை ஒட்டுமொத்தமாக அளவிடுகின்றன. அந்தச் சேவைக்கான பணம் எந்தத் தெருவுக்கு முதலில் செல்ல வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார் என்பதை அவை அளவிடுவதில்லை.

மன்றத்தின் குறைகள்

மன்றம் இயங்கிய காலமும் குறையற்றதாக இருக்கவில்லை. 2018 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாஜக 22, காங்கிரஸ் 19, மதச்சார்பற்ற ஜனதா தளம் 18 இடங்களிலும், பகுஜன் சமாஜ் கட்சி ஓர் இடத்திலும், சுயேச்சைகள் ஐந்து இடங்களிலும் வெற்றி பெற்றனர். மேயர் பதவிக்கான இட ஒதுக்கீடு தொடர்பான சிக்கலால், வாக்கு எண்ணிக்கை முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னர், நவம்பர் 17ஆம் தேதிதான் முதல் மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் புஷ்பலதா ஜெகந்நாத், தஸ்னீம், ருக்மிணி மாதேகவுடா, சுனந்தா பாலநேத்ரா, சிவகுமார் என ஐவர் மேயர் பொறுப்பை வகித்தனர். மேயரின் பதவிக்காலமும் குழுக்களின் பதவிக்காலமும் ஓராண்டு மட்டுமே என்பதால், ஒரு குழுத் தலைவர் வரவு செலவுத் திட்டத்தின் நுணுக்கங்களைக் கற்றுத் தேர்வதற்குள் அவரது காலம் முடிந்துவிடுகிறது. நிலையாகப் பணியில் தொடரும் அலுவலர்களின் கையே இதனால் ஓங்குகிறது. மன்றம் மீண்டும் அமையும்போது கவனிக்கப்பட வேண்டிய குறை இது.

வாரந்தோறும் கூடும் குழுக்கள்

மைசூரு நகராட்சியான அதே 1888ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மும்பை மாநகராட்சிச் சட்டம், அங்குள்ள நிலைக்குழு வாரம் ஒரு முறை கூட வேண்டும் என்று விதித்துள்ளது. பெரிய ஒப்பந்தங்களும் செலவினங்களும் அக்குழுவின் முன் வைக்கப்படுவதால், அதன் வாராந்திரக் கூட்டம் நகர அரசியலில் முக்கியத்துவம் பெற்றது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் 15 உறுப்பினர்களை மட்டுமே கொண்டது. அது பெரும்பாலான வாரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூடுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 1953 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் பொருள் நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பொதுமக்கள் அக்கூட்டத்தில் பேசவும் வாய்ப்பளிக்கப்பட வேண்டும்.

சிறிய குழு, குறுகிய இடைவெளியில் கூட்டம், முன்கூட்டியே வெளியிடப்படும் பொருள் நிரல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஒரு தெருவின் குறை மாதக்கணக்கில் தேங்காமல் இருக்கும் என்பதை இந்த நடைமுறைகள் உணர்த்துகின்றன.

எழுத்தளவில் உள்ள வார்டு குழுக்கள்

மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243எஸ் பிரிவு கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மைசூரு மாநகரின் மக்கள்தொகை சுமார் 9 லட்சம். கர்நாடகச் சட்டத்தின்படி, வார்டு உறுப்பினரின் தலைமையிலான குழுவில் மேலும் பத்துப் பேர் நியமிக்கப்பட வேண்டும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி சமூகத்தினர், குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு அதில் இடம் உறுதி செய்யப்பட்டுள்ளது.

மண்டி மொஹல்லா போன்று வணிகரும் குடியிருப்போரும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகளுக்கு இத்தகைய குழு மிகவும் பயனளிக்கக்கூடியது. சரக்கு வாகனங்கள் எந்த நேரத்தில் வரலாம், கழிவை எங்கே சேர்க்கலாம் போன்ற தகராறுகளை மாநகராட்சி மன்றம் வரை கொண்டுசெல்லாமல் அங்கேயே பேசித் தீர்க்க முடியும். ஆனால், குழுவின் தலைவராக இருக்க வேண்டிய உறுப்பினரே இல்லாத நிலையில், சட்டம் வகுத்த வடிவில் வார்டு குழு இயங்க வாய்ப்பில்லை.

சென்னையின் அனுபவம்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த நிலை புதிதன்று. பெருநகர சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலரின் பொறுப்பில் சென்னை இருந்தது. 2022 மார்ச் மாதம் ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்ற பின்னர், 200 வார்டுகளின் குரல் மன்றத்தில் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

பெங்களூருவில் மன்றத்தின் பதவிக்காலம் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நிறைவடைந்தது. புதிய தேர்தல் நடத்தப்படுவதற்கு முன்பே, 2025 செப்டம்பரில் அந்நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. மும்பை மன்றத்தின் காலம் 2022 மார்ச் மாதம் முடிந்த பிறகு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து 2026 ஜனவரியில் தேர்தல் நடைபெற்றது.

சட்டம் சொல்வது

நகராட்சி அமைப்புகளின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்றும், அது முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்றும் அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தக் கால வரம்பு கட்டாயமானது என்று வலியுறுத்தியது. வார்டு மறுவரையறை போன்ற பணிகளைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடுவதை அது ஏற்கவில்லை.

இருப்பினும், வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீட்டுப் பட்டியல், எல்லை விரிவாக்கம் ஆகியவையே பல மாநிலங்களில் தாமதத்துக்குக் காரணமாகத் தொடர்ந்து கூறப்படுகின்றன.

அடுத்து என்ன?

மைசூருவில் இந்தப் பிரச்சினை கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஹூட்டகள்ளி நகராட்சியையும் போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகோளா ஆகிய நான்கு பட்டணப் பஞ்சாயத்துகளையும் மாநகராட்சியுடன் இணைத்து 'பெரு மைசூரு' உருவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. நகரின் எல்லை, வார்டுகளின் எண்ணிக்கை, வரி வருவாய், நிதிப் பங்கீடு ஆகிய அனைத்தையும் மாற்றக்கூடிய முடிவு இது.

எல்லை விரிவடையும்போது புதிய பகுதிகளுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் தேவைப்படும். அதே நிதியிலிருந்துதான் மண்டி மொஹல்லாவின் பழைய குழாய்களும் மாற்றப்பட வேண்டும். புறநகரின் புதிய தேவைக்கும் மையப் பகுதியின் பழைய தேவைக்கும் இடையே எதற்கு முன்னுரிமை என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அன்று. இரு தரப்புப் பிரதிநிதிகளும் ஒரே அவையில் அமர்ந்து வாதிட்டுத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது.

தேர்தல் நடைபெற்று மன்றம் அமைந்தாலும் பணி அத்துடன் முடிந்துவிடாது. நிலைக்குழுக்களைத் தாமதமின்றி அமைப்பது, அவற்றின் கூட்ட நாட்களை முன்கூட்டியே அறிவிப்பது, பொருள் நிரலையும் தீர்மானங்களையும் கன்னடத்தில் எளிதில் கிடைக்கும்படி வெளியிடுவது, வார்டு குழுக்களை உண்மையிலேயே கூட்டுவது ஆகியவை புதிய மன்றத்தின் முன் உள்ள முதல் கடமைகளாக இருக்கும். தேர்தல் தேதி அறிவிக்கப்படும் வரை, மண்டி மொஹல்லா குடியிருப்போரின் மனுக்கள் மண்டல அலுவலகத்தின் கோப்புகளிலேயே தங்கியிருக்கும்.